உங்களுக்குத் தெரியுமா? நைட் டூட்டியும் நடுராத்திரிச் சாப்பாடும்

அதே நாலு இட்லிதான். காலை எட்டு மணிக்குச் சாப்பிடுவதைவிட, நடுராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் இன்சுலினின் வேலை மந்தப்படுவதே காரணம்.

2021-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 19 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து நைட் ஷிப்ட் போல விழித்திருக்கச் செய்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரி சர்க்கரை அளவு 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆய்வு சிறியதுதான், ஆனாலும் வார்டில் கண்விழிக்கும் நர்ஸுகளும் செக்யூரிட்டி ஊழியர்களும் அவசியம் அறிய வேண்டிய சேதி இது.

ஆகவே முழுச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் முடித்துவிடுங்கள். இடையில் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த முட்டையோ போதும். கேட்டுக்கு வெளியே கிடைக்கும் பரோட்டா சால்னா வேண்டாம். காலையில் லேசாகச் சாப்பிட்டுப் படுங்கள். வெறும் வயிறு தூக்கத்தைக் கெடுக்கும்.

காபியைப் பின்னிரவுக்குத் தள்ளாதீர்கள். மூன்று மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, எட்டு மணிக்கும் உடலில் இருக்கும்.

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றக் கூடாது.