200 என்று எழுதியிருந்தால் 200 வருமா?

பெட்டியின் மேல் பெரிதாக 200 என்று அச்சடித்திருக்கிறது. டிஸ்ப்ளேயும் 200 காட்டுகிறது. ஆனால் 8 நம்பர் ராடைப் போட்டால் ஒட்டிக்கொள்கிறது, ஆர்க் விட்டுவிட்டு எரிகிறது, வெல்டு இரும்பின் மேல் படிகிறதே தவிர உள்ளே இறங்குவதில்லை. தென்காசி, இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை, பாவூர்சத்திரம் பக்கம் வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டுக் கிரில், கேட், ஷெட் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை. இப்படி நேரும்போது பலர் முதலில் தம் கையைச் சந்தேகிக்கிறார்கள், அடுத்து ராடை. மெஷினை அளந்து பார்க்க முடியும் என்பதும், அளந்த கணக்கை வைத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதும் தெரியாமலே போகிறது.

கணக்கு எளிதானதுதான். ராடு வெல்டிங்குக்கு ஐ.இ.சி. 60974-1 என்ற உலகத் தரநிலையில் ஒரு சூத்திரம் உண்டு. ஆம்பியரை 0.04 ஆல் பெருக்கி அதோடு 20 கூட்டினால், அந்த ஆம்பியரில் மெஷின் தர வேண்டிய வோல்ட் வந்துவிடும். 200 ஆம்பியருக்கு 28 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். மெஷினுக்குள் சூடாக வீணாவதையும் சேர்த்தால், லைனிலிருந்து 6,500 வாட் அளவுக்கு இழுத்தாக வேண்டும். வீட்டில் கீசருக்கும் ஏ.சி.க்கும் வைக்கிற 16 ஆம்பியர் பவர் பிளக், 230 வோல்ட்டில் தாங்குவது 3,680 வாட். மெஷினின் திறன் 85 சதவீதம், பவர் ஃபேக்டர் ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அந்தப் பிளக்கிலிருந்து தொடர்ந்து எடுக்கக்கூடிய வெல்டிங் கரண்ட் சுமார் 125 ஆம்பியர்தான். பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட் இல்லாத மலிவு இன்வெர்ட்டர்களில் அது 0.7 அளவில் நிற்கும். அப்போது கிடைப்பது 90 ஆம்பியர் சொச்சம்.

அதனால், 16 ஆம்பியர் பின்னோடு வருகிற ஒரு கையடக்க மெஷின் 200, 250, 300 என்று பெயர் வைத்துக்கொண்டால், அளக்கும் முன்பே சந்தேகப்படலாம். போய்க் கேட்டால், “அது மாடல் நம்பர், அண்ணாச்சி” என்று பதில் வரும். வாங்குகிறவர் ஆம்பியர் என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறார் என்பது விற்கிறவருக்கும் தெரியும். இதை நான் சாமர்த்தியமான வியாபாரமாகப் பார்க்கவில்லை. ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

பார்க்க வேண்டியது மெஷினின் பின்பக்கத் தகடு. அதில் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்துக்கு நேராக ஒரு சதவீதம் போட்டிருக்கும். அதன் கீழே ஆம்பியர், அதற்குக் கீழே வோல்ட். எக்ஸ் 60 சதவீதம், 200 ஆம்பியர், 28 வோல்ட் என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடம் 200 ஆம்பியரில் வெல்டு வைக்கலாம், 4 நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். இதே 200 ஆம்பியர் 25 சதவீதத்துக்கு எதிரே எழுதியிருந்தால் கதை வேறு. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஆகவே 25 சதவீதத்தில் 200 தருகிற மெஷின் நிறுத்தாமல் ஓடும்போது 100 ஆம்பியர்தான் தாங்கும். தகட்டில் எக்ஸ் இல்லை, வோல்ட் இல்லை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

இனி அளப்பது. டிஸ்ப்ளேயை நம்பி அளக்க முடியாது. பல மெஷின்களில் அது நாம் திருகி வைத்த எண்ணை மட்டுமே காட்டும், உண்மையில் ஓடும் கரண்டை அல்ல. தேவைப்படுவது ஒரு டாங் டெஸ்டர். ஆனால் எலெக்ட்ரீஷியன்கள் சாதாரணமாகக் கையில் வைத்திருப்பது ஏ.சி. மட்டும் பார்ப்பது. இன்வெர்ட்டர் மெஷின் வெளியே தருவது டி.சி. என்பதால் அந்த டெஸ்டர் இங்கே உதவாது. டி.சி. ஆம்பியரும் பார்க்கும் டாங் டெஸ்டர், சோலார் பேனல் மாட்டுகிறவர்களிடம் இருக்கும். ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும் முன் ஜீரோ பட்டனை அழுத்திச் சரிசெய்து, ஹோல்டருக்குப் போகும் கேபிளை மட்டும் அதன் வாய்க்குள் விட வேண்டும். எர்த் கேபிளையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்றை ஒன்று கழித்து ஜீரோ காட்டும். இன்னொரு மல்டிமீட்டரை மெஷினின் இரண்டு அவுட்புட் முனைகளிலும் டி.சி. வோல்ட்டில் வைக்க வேண்டும். டிக் வசதி உள்ள மெஷினில் ஹெச்.எஃப். ஓடவே கூடாது, மீட்டர் போய்விடும்.

8 மி.மீ. தடிமனுக்குக் குறையாத பழைய பிளேட் ஒன்றை எடுத்து, துருவைத் தேய்த்துவிட்டு, கரண்டை உச்சத்தில் வைத்து 8 நம்பர் ராடில் ஆர்க் எடுங்கள். 200 ஆம்பியர் அந்த ராடுக்குக் கொஞ்சம் அதிகம், ராடு சிவக்கும். ஆனாலும் சில நொடிகளுக்குத் தாங்கும். முதல் நொடியைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பற்றவைக்கும்போது ஹாட் ஸ்டார்ட் என்று மெஷின் தானாகக் கூடுதல் கரண்ட் தரும். ஆர்க் நிதானமான பிறகு, அது குட்டையாக எரியும்போது, ஆம்பியரையும் வோல்ட்டையும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டும். ஒருவர் வெல்டு வைக்க, முகமூடி போட்ட இன்னொருவர் மீட்டர்களைப் பார்ப்பதுதான் சரி. முதுகைத் திருப்பிக்கொண்டு மொபைலில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. டிஸ்ப்ளேயில் 200, டெஸ்டரில் 120 என்றால் விஷயம் வெளிச்சம். ராடை பிளேட்டில் அழுத்தி ஷார்ட் செய்து 200 காட்டுகிறதே என்று யாராவது நிரூபித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஷார்ட்டில் வோல்ட் அநேகமாக இல்லை. வோல்ட் இல்லாத ஆம்பியரால் இரும்பு உருகாது.

இரண்டாவது சோதனைக்குக் கடிகாரம் போதும். தகட்டில் உள்ள ஆம்பியரை வைத்து, ராடு மாற்றும் நேரத்தைத் தவிர நிறுத்தாமல் வெல்டு வைத்து, மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுபோக எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 60 சதவீதம் என்று சொன்ன மெஷின் ஆறு நிமிடம் தாங்க வேண்டும். எந்தச் சோதனைக்காகவும் மூடியைக் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் பிடித்து வைத்திருப்பவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

மெஷின் மேல் பழி போடும் முன் நம் பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அதற்காக, வெல்டு ஓடும்போதே மெஷினுக்குள் போகும் லைன் வோல்ட்டையும் அளந்துகொள்ளுங்கள். 1 சதுர மி.மீ. தாமிர ஒயரில் 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு 30 ஆம்பியர் இழுத்தால், ஒயரிலேயே 30 வோல்ட்டுக்கு மேல் போய்விடும், 2.5 சதுர மி.மீ. ஒயர் என்றால் 13 வோல்ட்தான் குறையும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி இருக்கும் தோட்டத்துப் பட்டறையில் லைனே 190க்கு இறங்கினால் அது மின்வாரியத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டிய புகார். பிரிவு அலுவலகத்தில் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றமும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே போகும் முன் உங்கள் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். வீட்டு இணைப்பில் தொழிலுக்கு வெல்டிங் செய்வது மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆம் பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள்.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சாரல் உள்ளே வரும் நாட்களில் இந்தச் சோதனை வேண்டாம், அல்லது நன்றாக உலர்ந்த இடத்தில் செய்யுங்கள். குற்றாலம் சீசனுக்காகக் கடைகளுக்கும் லாட்ஜ்களுக்கும் அவசர வேலை குவியும் காலமும் அதுதான். தரை ஈரம், கையுறை ஈரம், ராடுப் பெட்டியும் ஈரம். இ.எல்.சி.பி. போட்டிருக்கிறேன் என்ற தைரியம் இங்கே போதாது. அது மெஷினுக்குள் வரும் லைனைத்தான் காவல் காக்கும். ஹோல்டர் பக்கம் டிரான்ஸ்பார்மரால் பிரிக்கப்பட்ட தனி சர்க்யூட். அங்கே அடிக்கும் ஷாக் அதற்குத் தெரியவே தெரியாது. ஈரமான, நெருக்கடியான இடங்களில் ஏ.சி. வெல்டிங் மெஷின் சும்மா இருக்கும்போது தரும் வோல்ட் 48க்கு மேல் போகக் கூடாது என்கிறது தரநிலை. பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின்களில் 70, 80 வோல்ட் நிற்கும். ஈரக் கையோடு ராடு மாற்றுகிறவர் அந்த வோல்ட்டைத்தான் தொடுகிறார். குறைந்த கரண்டின் ஆபத்து வேறு விதமானது, தாமதமாக வருவது. மேலே பளபளவென்று தெரியும் வெல்டுக்கு அடியில் இரும்பு இளகியே இருக்காது, நடுவில் கசடு சிக்கியிருக்கும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டிலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் அப்படி ஒரு வெல்டு இருந்தால், விழுகிறவர் யாரோ ஒரு வீட்டுக்காரர்.

சட்டத்துக்கு வருவோம். “நீ தொழிலுக்கு வாங்கினாய், நுகர்வோர் இல்லை” என்று கம்பெனி முதலில் சொல்லும். இதற்குப் பதில் கிடைத்தது கோவை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில். மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற சிறுதொழில் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் 1990இல் சுமார் 21 லட்சம் ரூபாய்க்கு ஒரு சி.என்.சி. கடைசல் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்தது. தாமதமாக வந்தது, குறையோடு வந்தது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இவ்வளவு பெரிய இயந்திரம் வணிக நோக்கத்துக்கு வாங்கப்பட்டது என்று சொல்லி அந்த நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பு, கடைசல் இயந்திரத்தையோ வேறு இயந்திரத்தையோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்றது. உதவிக்கு ஓரிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்றும் சொன்னது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் சுயதொழிலால் பிழைப்பவருக்கு இந்த விலக்கு இருக்கிறது. எனவே, புகாரின் முதல் பத்தியிலேயே ‘இந்த மெஷினை நானே இயக்கி, இதைக் கொண்டே குடும்பம் நடத்துகிறேன்’ என்று எழுதிவிடுங்கள்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைப் பார்த்து மடங்கிவிட வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் தராமல் விற்பதும் அப்படியே. 18 சதவீத ஜி.எஸ்.டி.யை மிச்சம் பிடிக்கலாம் என்று பில் இல்லாமல் வாங்கினால், நாளைக்கு நிற்பதற்குக் கால் இருக்காது. ஆன்லைனில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். அதோடு கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் இருந்த இடத்திலிருந்தே தாக்கல் செய்யலாம். இரவல் டெஸ்டரில் எடுத்த வீடியோவை எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாது. பரவாயில்லை. சோதித்துத்தான் குறை தெரியும் என்ற பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கே அதிகாரம் இருக்கிறது, செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். புகாரோடு அதற்கென ஒரு மனுவும் சேர்த்துக் கொடுங்கள். பில், தகட்டின் போட்டோ, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பெட்டியில் இருந்த எம்.ஆர்.பி. லேபிள், லைன் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே காட்சியில் தெரியும் வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். விளம்பரப் பக்கத்தை முதலில் எடுத்து வையுங்கள்; புகார் போனதும் அதில் உள்ள 200 மாறிவிடலாம்.

வழக்குக்குக் கெடு 2 ஆண்டு. ஆன்லைன் கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும் கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான். மெஷின் வந்த வாரத்திலேயே, முதல் கேட் வேலையை அதில் தொடங்கும் முன்பே, டி.சி. டாங் டெஸ்டரை இரவல் வாங்கி அளந்துவிடுங்கள்.