நெளிவுகளோடு விலைபோன மஸ்டாங்

வண்ணம் மங்கி, ஆங்காங்கே துருப்பிடித்த 1968 ஃபோர்டு மஸ்டாங் ஒன்று, 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் கட்டணங்கள் உட்பட 3.74 மில்லியன் டாலருக்குப் போனது. படத்தைப் பார்த்து நான் சிரித்தேன். புதிதாகச் சாயம் பூசக்கூடாதா?

பிறகுதான் கதை தெரிந்தது. 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய கார் அது. 1974இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. ஆசிரியையான இல்லத்தரசி அதில்தான் பள்ளிக்குப் போய்வந்தாராம்! 1977இல் மெக்குவீனே கடிதம் எழுதிக் கேட்டும் கிடைக்கவில்லை. கேமரா பொருத்துவதற்காக அடியில் பற்றவைத்த தாங்கிகள்கூட அப்படியே இருந்தன. யாராவது 'அழகுபடுத்துகிறேன்' என்று அவற்றை அறுத்திருந்தால் பாதி சாட்சியம் போயிருக்கும்.

அதற்காக எந்தக் காரையும் தொடக்கூடாது என்பதல்ல. 1968இல் மட்டும் மூன்று லட்சத்திற்கும் அதிகமான மஸ்டாங்குகள் விற்றன. சாதாரண ஆறு சிலிண்டர் கார் ஒன்றுக்கு நல்ல டிஸ்க் பிரேக் போட்டால் வரலாறு ஒன்றும் குறையாது, உயிரும் தப்பும். வாங்கிய கையோடு கார்புரேட்டரை மாற்றியவர்கள்தானே அக்கால இளைஞர்கள்!

ஆனால் 1970 பிளைமவுத் சூப்பர்பேர்டு இரண்டாயிரத்திற்கும் குறைவாகவே உருவானது. அதில் திருகைக் கழற்றி மாற்றுங்கள், பழைய பாகத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். தகட்டை வெட்டுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.