குறி தவறியது எதனால்?

வேலூரை அடுத்த கணியம்பாடியில் எங்கள் தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். தேசிய மாணவர் படை முகாமிலிருந்து திரும்பியவள், சுருட்டிய தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன் விரித்தாள். 25 மீட்டர் தொலைவிலிருந்து அவள் சுட்ட ஐந்து குண்டுகளின் துளைகள் அதில் இருந்தன. ஐந்தும் இடது மேல் மூலையில், ஒரு தீப்பெட்டியால் மூடிவிடக்கூடிய இடத்தில் இருந்தன. நடுப்புள்ளியில் ஒன்றுகூட இல்லை.

"என் தோழிக்கு ஒன்று நடுவிலேயே பட்டது, சார். மற்ற நான்கும் எங்கெங்கோ போயின. ஆனாலும் எல்லோரும் அவளுக்குத்தான் கை தட்டினார்கள். எனக்குக் கொடுத்தது பழைய துப்பாக்கி. இனி நான் சுடப் போவதில்லை" என்றாள்.

அவள் சொன்னதில் இரண்டு தவறுகள் இருந்தன. தன்னைக் குறைத்து மதிப்பிட்டது ஒன்று. துப்பாக்கியைக் குறை கூறியது மற்றொன்று. இரண்டையும் இயற்பியலைக் கொண்டே திருத்திவிடலாம். எப்படி என்று பார்ப்போமா?

நுட்பம் வேறு, துல்லியம் வேறு

ஒரே அளவீட்டைப் பலமுறை செய்யும்போது விடைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி அமைந்தால் அதை நுட்பம் என்கிறோம். விடை உண்மை மதிப்பை நெருங்கினால் அது துல்லியம். நம் மாணவியின் தாளில் நுட்பம் இருந்தது; துல்லியம் இல்லை. தோழியின் தாளில் ஒரு குண்டு நடுவில் பட்டது தற்செயல். ஆறாவது குண்டு எங்கே போகும் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

துளைகள் ஒரே பக்கமாக விலகியிருந்தால் திருத்துவது எளிது. குழலின் முனையில் நிற்கும் குறிமுள்ளைச் சற்று நகர்த்தினால் போதும். மொத்தக் கூட்டமும் நடுவுக்கு வந்துவிடும். சிதறலுக்கு அப்படி ஒரே ஒரு மருந்து கிடையாது. ஆகவே துப்பாக்கியைச் சோதிப்பவர்கள் ஒரு குண்டைப் பார்த்து முடிவு கூறுவதில்லை. பல குண்டுகள் எவ்வளவு இடத்துக்குள் விழுகின்றன என்றே பார்ப்பார்கள். மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. எண்ணிக்கை கூடக் கூட, பொதுவாகச் சிதறலின் வட்டமும் விரியும்.

கோணத்தால் அளப்போம்

சிதறலைச் சென்டிமீட்டரில் மட்டும் கூறினால் பொருள் முழுமையாகாது. எவ்வளவு தொலைவில் என்றும் கேட்க வேண்டும் அல்லவா? அதனால் அதைக் கோணத்தால் அளக்கிறார்கள். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. அதாவது கோணத்தில் ஒரு நிமிடம். 100 மீட்டர் தொலைவில் ஒரு கலை ஏறத்தாழ 2.9 சென்டிமீட்டர் ஆகும். 300 மீட்டரில் அதுவே 8.7 சென்டிமீட்டர்.

ஒரு கலை எவ்வளவு சிறியது? முழுநிலவின் விட்டம் நம் கண்ணுக்கு ஏறத்தாழ 30 கலை. நல்ல பார்வையுள்ள கண் இரு புள்ளிகளைப் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ ஒரு கலை. எங்கள் ஊருக்குத் தென்மேற்கே நீளும் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வுக் கூடம் இருக்கிறது. அங்கே வானியலார் கலையையும் 60 பங்காக்கி, விகலைக் கணக்கில் விண்மீன்களை அளக்கிறார்கள். துப்பாக்கிக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

ஒரு பழைய துப்பாக்கியின் கதை

நம் நாட்டில் பழைய துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது .303 என்னும் லீ-என்ஃபீல்டு. பிரிட்டிஷ் படைக்காக உருவான இது, வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் ஏராளமாகச் செய்யப்பட்டது. படைகள் புதிய துப்பாக்கிகளுக்கு மாறியபோது இவை உபரியாயின. அமெரிக்கா போன்ற நாடுகளில் இவற்றைக் கடைகளில் மலிவாக விற்றார்கள். நம் நாட்டில் பொதுமக்கள் வாங்க இயலாதபடி இவ்வகைத் துப்பாக்கிக்குச் சட்டத் தடை உண்டு. இங்கே இவை காவல்துறையில் நெடுங்காலம் உழைத்தன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரி 26 அன்றுதான் இதற்கு விடை கொடுத்தது.

இதன் குழலின் உள்ளே திருகுபோல் வளைந்து செல்லும் ஐந்து காடிகள் உண்டு. அவை 25.4 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று வீதம் குண்டைச் சுழற்றும். குண்டு நொடிக்கு 744 மீட்டர் வேகத்தில் வெளிப்படுகிறது என்றால் நொடிக்கு எத்தனை சுற்று? வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 2,900 வரும்! பம்பரம் சுழலும்போது சாயாமல் நிற்பது போலவே குண்டும் தலைகுப்புறப் புரளாமல் செல்கிறது.

இதிலிருந்து எவ்வளவு எதிர்பார்க்கலாம்? தொழிற்சாலைச் சோதனையில் 100 அடி தொலைவில் ஐந்து குண்டுகள் சுடுவார்கள். அவற்றில் நான்கு, ஓர் அங்குல அகலமும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள கட்டத்துக்குள் விழ வேண்டும். கோணக் கணக்கில் இது அகலத்தில் ஏறத்தாழ 3 கலை, உயரத்தில் 4 கலைக்குச் சற்று மேல். புதிதாக இருந்தபோதே எதிர்பார்த்தது அவ்வளவுதான். 300 மீட்டரில் 4 கலை என்பது 35 சென்டிமீட்டர். ஒரு மனிதனின் மார்பகலத்துக்குள் அடங்கிவிடும். போர்க்களத்துக்கு அது போதும். சேற்றிலும் புழுதியிலும் தடையின்றி இயங்குவதே அங்கு முக்கியம்.

வயதானால் குறைகளும் சேரும். எரிமருந்தின் வெப்பத்தால் குழலின் தொடக்கப் பகுதி அரிக்கப்படும். துடைக்கும் கயிறு உரசி உரசி முனை தேயும். பழைய தோட்டாக்களின் எரியூட்டி விட்டுச்செல்லும் உப்பு ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். மரக்கட்டை ஈரத்தால் வளைந்து குழலை அழுத்தும். தேய்ந்த குழலில் சிதறல் இரண்டு மடங்கானாலும் வியப்பில்லை.

தோட்டாவும் தன் பங்குக்குப் பிழை செய்யும். ஒரு குண்டு 744 மீட்டர் வேகத்திலும் அடுத்தது 734 மீட்டர் வேகத்திலும் சென்றால் என்ன ஆகும்? காற்றின் தடையை விட்டுவிட்டு, பறக்கும் நேரத்தையும் அதற்குள் விழும் ஆழத்தையும் கணக்கிடுங்கள். 100 மீட்டரில் வேறுபாடு கால் சென்டிமீட்டர்தான். 500 மீட்டரில் 6 சென்டிமீட்டர்! தொலைவு 5 மடங்கானால் வேறுபாடு 25 மடங்காகிறது.

பெரிய பிழை எது?

இனி சுடுபவரைப் பார்ப்போம். பின்னால் உள்ள வெட்டு, முனையில் உள்ள குறிமுள், தொலைவிலுள்ள இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். மூன்றும் மூன்று தொலைவில் உள்ளன. கண்ணின் லென்சோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காட்டும். வெட்டுக்கும் முள்ளுக்கும் இடையே ஏறத்தாழ அரை மீட்டர். முள் அரை மில்லிமீட்டர் விலகினால் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை. 100 மீட்டரில் அது 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். மூச்சும் விசையை இழுக்கும் விரலும் இன்னும் கூட்டும்.

ஒன்றையொன்று சாராத பிழைகளை அப்படியே கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். துப்பாக்கியின் சிதறல் 4 கலை, தோட்டாவினது 3 கலை, புதிதாகப் பழகுபவரின் கையினது 12 கலை என்று கொள்வோம். 16, 9, 144 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 169. மொத்தச் சிதறல் 13 கலை.

இப்போது பிழையே இல்லாத புதிய துப்பாக்கியை அவர் கையில் கொடுங்கள். 9 உடன் 144 சேர்ந்தால் 153, சிதறல் 12.4 கலை. பெரும் செலவுக்குப் பின் மிச்சம் முக்கால் கலைகூட இல்லை! அதே பழைய துப்பாக்கியோடு, பயிற்சியால் கையின் பிழையை 6 கலையாகக் குறைத்தாலோ சிதறல் 7.8 கலைக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது மிகப் பெரிய பிழையைத்தான். ஆய்வகத்தில் தனி ஊசலின் நேரத்தை அளக்கும்போதும் விதி இதுவே.

எந்தக் குறையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். 2008 நவம்பர் 26 அன்று மும்பை ரயில் நிலையத்தில் தாக்குதல் நடந்தபோது, காவலர் சிலரிடம் இருந்தது .303தான். துப்பாக்கி பழசு என்று அப்போது பலரும் பேசினர். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டியிருப்பதால், தானியங்கித் துப்பாக்கிக்கு முன் அது மெதுவானது. அந்தக் குறை உண்மை; ஆனால் அது துல்லியக் குறை அன்று.

மாணவப் பருவத்தில் நானும் சிதறச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைத்தான் குறை சொன்னேன். பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் அதே துப்பாக்கியை வாங்கி ஐந்து குண்டுகள் சுட்டார். துளைகளை ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிக் காட்டினார். இதை நான் கூறியதும் மாணவி தன் தாளை மறுபடி பார்த்தாள். பிறகு கசங்காமல் சுருட்டி எடுத்துச் சென்றாள்.

நீங்களே செய்து பாருங்கள்

தரையில் வெள்ளைத் தாளை விரித்து ஒரு புள்ளி இடுங்கள். அதன் மேல் கார்பன் தாளின் மை பூசிய பக்கம் கீழே இருக்குமாறு வையுங்கள். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கோலிக்குண்டை 20 முறை புள்ளிக்கு நேராக விடுங்கள். துள்ளும் குண்டை உடனே பிடித்துக்கொள்ளுங்கள். அடையாளங்களின் சராசரி மையம் புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது? அவை எவ்வளவு சிதறியுள்ளன? பின்னர் கையை ஒரு நாற்காலியின் முதுகில் ஊன்றிக்கொண்டு மீண்டும் 20 முறை விடுங்கள். உங்கள் பெரிய பிழை எது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.