பேச்சு தடைப்படும்போது கேட்பவர் செய்யவேண்டியவை

கிராமத்துச் சிறுகடன் குழுவொன்றின் முதற் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவராகத் தமது பெயரையும் தொழிலையும் சொல்லி வருகிறார்கள். ஓர் இளைஞரின் முறை வருகிறது. வாய் திறக்கிறது, பெயர் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர் அவருக்காகப் பெயரைச் சொல்லிவிடுகிறார். யாரோ சிரிக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதில்லை. “அக்கறை இல்லாதவர்” என்று குழு முடிவு செய்கிறது. அவருக்குக் கிடைக்கவேண்டிய கடனும் கைநழுவிப் போகிறது.

இது அக்கறையின்மை அல்ல, திக்குவாய். எமது ஊர்களில் கொன்னை என்பார்கள். முதல் ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்வது, அதனை நீட்டுவது, ஒலியே எழாமல் அடைத்துக்கொள்வது ஆகியன இதன் வடிவங்கள். என்ன சொல்லவேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சொல் மட்டும் வெளிவர மறுக்கிறது.

இக்குறை பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவருக்கு ஏதாவதொரு காலத்தில் ஏற்படுகிறது. அவர்களுட் பெரும்பாலோருக்கு மாறிவிடுகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்திருக்கிறது. அவர்களுள் ஆண்களே அதிகம். பரம்பரைக்கும், பேச்சை இயக்கும் மூளைச் செயற்பாட்டுக்கும் இதிற் பங்குண்டு. அறிவுக் குறைவோ பெற்றோரின் வளர்ப்போ இதற்குக் காரணமல்ல. பயம் திக்கலைக் கூட்டலாம். ஆனால் அதன் தோற்றுவாய் பயமல்ல.

இதே இளைஞர் பாடும்போதும், பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் தடையின்றிச் சொல்லக்கூடும். அதைக் கண்டு, “நினைத்தால் பேசலாம்தானே” என்கிறோம். அது தவறு. பாட்டில் தாளமும் சொல்லும் முன்னரே அமைந்துள்ளன. கூடி வாசிக்கையில் மற்றவர் குரல் துணை நிற்கிறது. தனித்துப் பேசுகையில் இவை இல்லை. கடினமான சொல் வந்தால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கப் பலர் பழகியிருப்பார்கள். தம் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? அதனாலேயே பெயர் சொல்லும் வேளை பலருக்கு மிகக் கடினமாகிறது.

திக்குபவர் முன்கூட்டியே இப்படிச் சொல்லிவைக்கலாம்: “எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும். நான் முடிக்கும்வரை பொறுத்திருங்கோ, சொல் எடுத்துத் தராதேங்கோ.” இதனால் மறைக்க முயலும் சுமை குறைகிறது, கேட்பவருக்கும் தாம் என்ன செய்யவேண்டும் என்பது விளங்குகிறது.

கேட்பவர்கள் முகம் பார்த்து, அமைதியாகக் காத்திருந்தாற் போதும். “அவசரப்படாதே, மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு” என்ற அறிவுரை வேண்டாம். குழுக்களிலும் சிறு மாற்றங்களைச் செய்யலாம். வரவைக் கையொப்பத்தால் பதியலாம். அறிமுகத்தை விரும்பியவர் விரும்பிய வேளையிற் செய்யலாம். அறிக்கையை இருவர் சேர்ந்து வாசிக்கலாம். தொலைபேசிக்குப் பதிலாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். நேர்முகப் பரீட்சையில் மேலதிக நேரம் கொடுக்கலாம். எது தேவை என்பதை அவரிடமே கேளுங்கள். கேளாமல் அவருடைய முறையைத் தாண்டிப் போவது உதவியல்ல, அது வாயடைப்பு.

இது தயவு கேட்பதும் அல்ல. இயலாமையுடைய ஆட்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டு ஏற்று உறுதிசெய்தது. ஒருவரின் தேவைக்கேற்ற நியாயமான மாற்றத்தை மறுப்பதையும் அச்சமவாயம் பாரபட்சமாகவே கொள்கிறது.

பிள்ளைகளிடம் திக்கல் சில மாதங்கள் தொடர்ந்தால், பேச்சு மொழிச் சிகிச்சையாளர் உள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். களனிப் பல்கலைக்கழகம் 1997ஆம் ஆண்டு முதல் இத்துறையிற் பயிற்சி அளித்து வருகிறது. வீட்டிலும் பாடசாலையிலும் “கொன்னை” என்று பட்டப்பெயர் வைப்பதை முதலில் நிறுத்துவோம்.

அந்த இளைஞர் தமது பெயரைச் சொல்லி முடிக்கச் சில விநாடிகள் கூடுதலாகத் தேவைப்படும். வராமல் நின்றுவிட்ட ஒருவர் உங்கள் குழுவிலும் இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு முன் அவர் வீட்டுக்குச் சென்று அழையுங்கள். அவர் பேசும்போது காத்திருங்கள்.