ஈரற்கொழுப்பு நோய்: மருந்தாக்கத்தில் நோயாளருக்குள்ள இடம்

ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என வைத்தியர் கூறும்போது, மதுவைத் தொட்டறியாத பலர் திகைத்துப் போகின்றனர். இந்நோய்க்கு மதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீரிழிவு, உடற்பருமன், உயர் குருதியமுக்கம் ஆகியவற்றோடு சேர்ந்து வருவதே பெருவழக்கு. தெற்காசியரிடையே, பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் இது உண்டாகிறது. இலங்கையின் ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானோரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஈரலில் கொழுப்புக் காணப்பட்டது. பெரும்பாலானோருக்கு அது துன்பமின்றிக் கிடக்கும். சிலருக்கே கொழுப்பினால் அழற்சி தோன்றி, அழற்சி தழும்பாகி, தழும்பு முற்றிச் சிரோசிஸ் என்னும் ஈரல் இறுக்கமாக மாறும்.

நெடுங்காலம் இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இருக்கவில்லை. உடல் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கைக் குறைத்தால் அழற்சியும் தழும்பும் தணியக்கூடும் என்பதே வைத்தியர் கூறக்கூடிய அறிவுரையாக இருந்தது. இன்றும் முதல் அறிவுரை அதுவே. 2024 மார்ச்சில் அமெரிக்கா ரெஸ்மெட்டிரோம் என்னும் மாத்திரைக்கும், 2025 ஓகஸ்டில் எடைகுறைப்பு ஊசியாகப் பெயர்பெற்ற செமாகுளூட்டைட்டுக்கும் அனுமதி வழங்கியது. இரண்டும் தழும்பு ஓரளவு முற்றியும் சிரோசிஸை எட்டாத நோயாளருக்கு உரியவை. இவற்றை அருமருந்து எனக் கொண்டாடுவதற்கில்லை. ரெஸ்மெட்டிரோமை 966 பேரிடம் சோதித்த ஆய்வில், ஓராண்டின் முடிவில், உயர்ந்த அளவில் மருந்து உட்கொண்டோரில் 29.9 சதவீதத்தினருக்கே தழும்பு கூடாமல் அழற்சி நீங்கியது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் அது 9.7 சதவீதம்.

இவற்றுக்கு முன் பெரிதும் நம்பப்பட்ட ஒபெட்டிகோலிக் அமிலத்தின் கதை வேறு. 2019இல் வெளியான இடைக்கால முடிவுகளின்படி, அதன் உயர்ந்த அளவைப் பெற்றோரில் 23 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்தது. போலி மாத்திரை பெற்றோரில் 12 சதவீதம். ஆனால் அந்த உயர்ந்த அளவைப் பெற்றோரில் 51 சதவீதத்தினரை உடல் அரிப்பு வாட்டியது. போலி மாத்திரை பெற்றோரில் 19 சதவீதத்தினருக்கே அது இருந்தது. ஈரலுக்கே கேடு விளையலாம் என்பது உள்ளிட்ட வேறு ஆபத்துகளும் கருதப்பட்டு, 2023 ஜூனில் அமெரிக்க அதிகாரிகள் இந்நோய்க்கு அதனை அனுமதிக்க மறுத்தனர். எந்த நோவும் உணராத ஒருவர், பல்லாண்டுக்குப் பின் வரக்கூடிய ஆபத்தைத் தவிர்ப்பதற்காக இரவெல்லாம் சொறிந்துகொண்டு இருக்க உடன்படுவாரா? இதற்கு ஆய்வகம் விடை சொல்ல முடியாது. நோயாளரிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் ஆய்வைத் திட்டமிடும் வேளையிலேயே.

பரிசோதனை முறையும் அவ்வாறே. மருந்து பயன் தந்ததா என்பதை அறிய, ஊசியால் ஈரலின் சிறு துணுக்கை எடுக்கும் பயொப்சியை ஆய்வின் தொடக்கத்திலும் பின்னரும் செய்வது வழக்கம். அத்துணுக்கு முழு ஈரலின் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. அதற்கு அஞ்சி ஆய்வில் சேராது விடுவோரும் உளர். குருதிச் சோதனையும் ஸ்கேனும் அதனிடத்தைப் பெறலாமா என ஆராயவே நியூகாசில் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த லிட்மஸ் என்னும் ஐரோப்பியத் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது.

நோயின் பெயர் மாறியதிலும் நோயாளர் அமைப்புகளுக்குப் பங்குண்டு. ஆங்கிலப் பெயரிலிருந்த ‘மது சாராத’, ‘கொழுத்த’ ஆகிய சொற்கள் இழிவுபடுத்துவன எனப் பலர் கருதியமையால், 2023இல் அவை நீக்கப்பட்டன. புதிய பெயரிலும் கொழுப்பு கிரேக்கச் சொல்லாக ஒளிந்திருக்கிறது என்பது வேறு விடயம். ஆயினும் ‘குடித்திருப்பாரோ’ என்ற ஐயத்துக்கு அஞ்சி நோயை உறவினரிடமும் மறைப்போருக்கு இம்மாற்றம் சிறிதன்று.

ஆய்வில் மருந்து உட்கொள்வது ஒன்று. ஆய்வை வகுப்பதில் கருத்துரைப்பது மற்றொன்று. பின்னதற்கு மருத்துவக் கல்வி தேவையில்லை. இங்கிலாந்தில் தேசிய சுகாதார, பராமரிப்பு ஆராய்ச்சி நிறுவனம் இதனை ஊக்குவிக்கிறது. 2004 முதல் இயங்கும் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு, எந்தக் கேள்வியை முதலில் ஆராய வேண்டும் என்பதை நோயாளரும் பராமரிப்போரும் வைத்தியரும் ஒன்றாக இருந்து தீர்மானிக்க வழிசெய்கிறது. தகவல் தாளைப் படித்து விளங்காத இடத்தைச் சுட்டுவதும், மருத்துவமனைக்கு எத்தனை முறை வர இயலும் எனச் சொல்வதும் இப்பணியில் அடங்கும். இதற்குப் பெரும்பாலும் செலவும் கொடுப்பனவும் தரப்படும். அரச உதவிப்பணம் பெறுவோர், கொடுப்பனவை ஏற்குமுன் அது தம் உதவிப்பணத்தைப் பாதிக்குமா என விசாரித்தல் வேண்டும்.

இவ்விடங்களில் தமிழரைக் காண்பது அரிது. ரெஸ்மெட்டிரோம் ஆய்வில் பங்குபற்றியோரில் பத்தில் ஒன்பது பேரளவில் வெள்ளையர். இரவுணவு புட்டும் இடியப்பமுமாக, ஒரே அடுப்பில் குடும்பம் முழுமைக்கும் சமைக்கும் வீட்டில், பாண் குறைக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரத்தால் பயனென்ன? கந்தசஷ்டி விரத நாள்களில் மாத்திரையை எப்போது எடுப்பது? இவற்றைக் கேட்பதற்குத் தமிழர் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானோருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளூராட்சி மன்றங்கள் ஏற்பாடு செய்யும் இலவச உடல்நலப் பரிசோதனையில் நீரிழிவு, குருதியமுக்கம், கொழுப்பு ஆகியன கவனிக்கப்படும். ஈரல் நேரடியாகச் சோதிக்கப்படுவதில்லை. ஈரலில் கொழுப்பு இருப்பதாக முன்பே அறிந்தவர்கள், வயதையும் குருதிச் சோதனை முடிவுகளையும் கொண்டு தழும்பின் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிப்-4 அளவீட்டைப் பற்றிக் குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். ஆய்வில் சேர விரும்புவோரும் அவரிடமே தொடங்கலாம். சேர்ந்த பின் எந்நேரமும் விலகலாம். வழமையான சிகிச்சை அதனால் குறையாது. உரைபெயர்ப்பாளர் தேவையெனின் நேரம் குறிக்கும்போதே தெரிவித்தல் நன்று. ஒப்புதல் பத்திரத்தைப் பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பித்துக் கையொப்பமிடுதல் கூடாது.