தூண்களின்மேல் ஓர் ஊர்

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், பொந்தியான் மாவட்டத்தில், குக்குப் எனும் சிறிய மீனவர் ஊர் உள்ளது. இங்குக் கடலோர வீடுகள் தரையில் நிற்பதில்லை. சேற்றில் ஊன்றிய தூண்களின்மேல் நிற்கின்றன. வீடுகளுக்கிடையே உள்ள குறுகிய நடைபாதையில் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும்தாம் செல்லும். கடல் பெருகும் வேளையில் வீட்டுக்கு அடியில் நீர் ததும்பும். நீர் வற்றியதும் அதே இடத்தில் சேறும், அதில் தத்தித் திரியும் சிறு மீன்களும் தெரியும்.

சுற்றுப்பயணிகள் பலர் நண்டும் இறாலும் உண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அது பாதிப் பயணமே. படகேறினால் சியாக்காப், கெராப்பு முதலிய மீன்களை வளர்க்கும் மிதவைக் கூண்டுகளைக் காணலாம். ஊருக்கு எதிரே, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில், மனிதர் குடியிராத குக்குப் தீவு இருக்கிறது. 647 ஹெக்டர் பரப்பளவுள்ள இத்தீவு முழுவதும் சதுப்புநிலக் காடு. மலாக்கா நீரிணையின் அலைகள் ஊரைத் தாக்காமல் தடுப்பது இத்தீவுதான். அருகிலுள்ள தஞ்சோங் பியாய், சுங்கை பூலாய் ஆகியவற்றோடு இதுவும் 2003-ஆம் ஆண்டில் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

பனியே பெய்யாத இவ்வூருக்கும் பனிப்பாறைகளுக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைவிட மிகுதியான நீர் நிலத்தின்மேல் பனியாக உறைந்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த இந்நீரிணை அன்று வறண்ட நிலம். ஜொகூரிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே சென்றிருக்கலாம்! பனி உருகிய பின்னரே கடல் இங்கு வந்தது.

பனி இன்றும் உருகுகிறது. ஒரு குவளை நீரில் மிதக்கும் பனிக்கட்டி கரைந்தால் நீர்மட்டம் உயராது. வெளியிலிருந்து பனிக்கட்டியைப் போட்டால் உயரும். கிரீன்லாந்து, அண்டார்டிகா, உயர்ந்த மலைகள் ஆகியவற்றின் நிலத்தில் தங்கியுள்ள பனி இந்த இரண்டாம் வகை. வெப்பத்தால் கடல்நீரும் விரிவடைகிறது. இவற்றால் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உங்கள் அடிக்கோலில் அளந்து பாருங்கள், சிறிதாகத்தான் தெரியும். ஆனால், நீர் பெருகும் எல்லைக்குச் சற்று மேலே தளம் அமைத்து வாழ்பவர்களுக்கு அது சிறிதன்று.

வீட்டின் தூணை உயர்த்திக் கட்டலாம். மரத்தை அவ்வாறு உயர்த்த முடியாது. எனினும், கண்டல் மரங்களின் வேர்கள் அலை கொண்டுவரும் சேற்றைப் பிடித்துவைத்துத் தரையை மெல்ல மெல்ல உயர்த்துகின்றன. கடல் மெதுவாக ஏறினால் காடும் உடன் ஏறும். விரைந்து ஏறினால் வேர்கள் நீண்ட நேரம் நீரில் மூழ்கி, காற்றின்றி மரங்கள் மடியும். அப்போது குக்குப் ஊருக்கு முன்னே அலையைத் தடுக்க எதுவும் இராது.