பாசிக்குத் தீனி போடுவது யார்?

கொடைக்கானல் என்றதும் மனக்கண் முன் வந்து நிற்பது அந்த நட்சத்திர வடிவ ஏரிதான். இயற்கை தந்த ஏரி என்றே பிரயாணிகளில் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மனிதன் கட்டியது. 1863-ல் லெவிஞ்ச் துரை சதுப்பு நிலத்தின் குறுக்கே கரை போட்டு, ஓடைகளைத் தேக்கி உண்டாக்கினார். பரப்பு சுமார் 60 ஏக்கர்.

படகில் செல்கிறவர் சற்றுக் குனிந்து நோக்கினால் இன்னொரு காட்சியும் தெரியும். துடுப்பில் சுற்றிக் கொள்ளும் நீர்ச்செடிகள். ஓரங்களில் பச்சைப் பாசி. ஆட்களை விட்டும் எந்திரத்தை விட்டும் அள்ளுகிறார்கள். மறுபடியும் மண்டிவிடுகிறது. இதற்குக் காரணம் என்ன?

நெல்லுக்கு உரம் எதுவோ அதுவே பாசிக்கும் உரம். தழைச்சத்தும் மணிச்சத்தும் கிடைத்தால் போதும். வெயிலைத் துணைக்கு வைத்துக் கொண்டு அது பெருகிவிடும். விடுதிகளின் சாக்கடை, சோப்புத் தண்ணீர், குதிரைச் சாணம், தோட்டத்து எரு எல்லாவற்றையும் மழை பள்ளத்துக்குக் கொண்டு வருகிறது. பள்ளத்தில் இருப்பது ஏரி!

கானடாவில் 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். சிறிய ஏரி ஒன்றைத் திரை கட்டி இரு பாதியாக்கினார். ஒரு பாதியில் சர்க்கரையும் தழைச்சத்தும் மட்டும் போட்டார். மறு பாதியில் அவற்றோடு மணிச்சத்தையும் சேர்த்தார். மணிச்சத்து விழுந்த பாதி பச்சைக் குழம்பாயிற்று. மற்றது அப்படியே இருந்தது. நன்னீரில் மணிச்சத்துதான் பெரும்பாலும் சாவி. கடலோரத்திலோ பல இடங்களில் தழைச்சத்து அந்த வேலையைச் செய்கிறது.

கடலோரத்துக்கு அந்தத் தழைச்சத்து வரும் வழிகளில் ஒன்று இறால் பண்ணை. குளத்தில் தூவும் குருணைத் தீனியிலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்குதான் இறாலின் உடம்பில் சேரும். மிச்சம் தின்னாத தீனியாகவும் கழிவாகவும் தண்ணீரிலும் சேற்றிலும் தங்குகிறது. பகலில் பாசி பிராணவாயுவை விடும். இரவில் அதுவே அதைக் குடிக்கும். விடியற்காலையில் இறால் மூச்சுத் திணறாமல் இருக்கத்தான் பண்ணைகளில் ஏரேட்டர் சக்கரம் சுழல்கிறது. குளத்து நீரை அப்படியே திறந்து விட்டால் இந்தச் சங்கடம் உப்பங்கழிக்குப் போய்ச் சேரும்.

இதில் பழனி மலைக்கும் ஒரு பங்கு உண்டு. கொடைக்கானல் மலைப்பாதைக்குக் கீழே வத்தலக்குண்டு வட்டாரத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். அவரும் கணவர் ஜெகந்நாதனும் சர்வோதயத் தொண்டர்கள். நாகைப் பக்கம் நிலமற்றவர்களுக்காக உழைத்தவர்கள். இறால் பண்ணைகளால் கிணறும் வயலும் உப்பாகின்றன, கழிவு நீர் கால்வாயில் கலக்கிறது என்ற முறையீட்டோடு ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது: பழைய முறைப் பண்ணைகள் தவிர மற்றவை கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் கூடாது. தொழிலும் அந்நியச் செலாவணியும் என்னாவது என்று எதிர்வாதம் எழுந்தது. 2005-ல் பாராளுமன்றம் தனிச் சட்டம் செய்து, பண்ணைகள் பதிவு பெற்று நடக்க வழி விட்டது. வழக்காடியவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்தான்.

மலை ஏரிக்கு அப்படியொரு வழக்குக்காரர் தேவையா? தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டதுண்டு. ஆனால் செடியை அள்ளுவது பாதி வேலை. அள்ளியதைக் கரையிலேயே குவித்தால், அழுகி, அடுத்த மழையில் சத்து முழுவதும் ஏரிக்கே திரும்பும். சாக்கடையை அடைத்த பிறகும் அடிச்சேறு சும்மா இராது. பிராணவாயு அற்றுப் போகும்போது, பல வருஷங்களாகச் சேர்த்த மணிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஆகவே இன்று சாக்கடையைத் திருப்பினாலும் பலன் தெரியச் சில வருஷங்கள் பிடிக்கும்.

அதுவரை நிரம்பி வழியும் தண்ணீர் தன் வழியே போய்க் கொண்டிருக்கும். மலைப்பாதையில் பஸ்ஸை நிறுத்திப் பிரயாணிகள் படம் பிடித்துக் கொள்கிறார்களே, வெள்ளி அருவி, அங்கே விழுவது இந்த ஏரியின் தண்ணீர்தான்.